மாடித் தொட்டியா, தரைப் பாத்தியா?

நகரத்தில் ஒரே வீட்டுக்குள் இரண்டு தட்பவெப்பம் உண்டு. மாடிக் கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் மெல்லக் கக்கும். ராத்திரியிலும் அங்கே சூடு லேசில் தணியாது. தக்காளிக்கு இதுதான் வினை. பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டிவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து அள்ளிப் போடுவது வீண்! தொட்டிக்குள் வேர் ஒதுங்கவும் இடமில்லை. கறுப்பு பிளாஸ்டிக் என்றால் இன்னும் மோசம். கோடையில் இருவேளையும் தண்ணீர் கேட்கும்.

தரையில் வேர் ஆழமாக இறங்கித் தப்பித்துக்கொள்ளும். ஓரடிக்குக் கீழே மண்சூடு பகலுக்கும் இரவுக்கும் பெரிதாக மாறாது. ஆனால் பக்கத்துக் கட்டடம் வெயிலை மறைக்கும். சிமென்ட், சுண்ணாம்புக் கழிவு கலந்த மண்ணில் காரத்தன்மை கூடிவிடும். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் மஞ்சளாகிறதா? அநேகமாக, அந்தக் காரத்தன்மையால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை.

மழைக்காலத்தில் கதை தலைகீழ். பாத்தியில் நீர் தேங்கி வேர் அழுகும்; தொட்டியில் வடிந்துவிடும், கூடவே சத்தும்.

என் ஓட்டு: மிளகாயும் வெண்டையும் மாடிக்கு, மரவகை எல்லாம் தரைக்கு. தக்காளியைக் குளிர்மாதங்களில் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்.