லாக்டவுன்ல நானே பாலிஷ் போட்ட மூணு பழைய சாமானும் இப்ப எப்படி இருக்கு

2021 லாக்டவுன்ல வேற வேலை இல்லாம வீட்ல கெடந்த மூணு பழைய மர சாமானை நானே தேய்ச்சு பாலிஷ் பெயின்ட் எல்லாம் போட்டேன். தாத்தாவோட தேக்கு எழுத்து மேஜை, சாப்பாட்டு டேபிள், அம்மா ரூம் அலமாரி. அப்ப போட்டோ பாத்துட்டு எல்லாரும் சூப்பர் சூப்பர்னாங்க, புதுசுல எது தான் பளபளன்னு இல்ல, நாலு வருஷத்துக்கு மேல புழங்கின அப்புறம் என்னாச்சுன்னு சொன்னா தான் பண்ணப்போறவங்களுக்கு உபயோகம்.

மூணுலயும் கேவலமா போனது அலமாரி. பழைய பச்சை பெயின்ட் மேல வெள்ளை எனாமல் அடிச்சேன். ரெண்டு பக்கவாட்டு பலகையும் ஒழுங்கா 120 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு, பள்ளத்துக்கு லப்பம் வச்சு, ப்ரைமர் அடிச்சு, அதுக்கு மேல தான் பெயின்ட். கதவுக்கு வரும்போது கை வலி, பழைய பெயின்ட் தான் கெட்டியா இருக்கேன்னு துணியால தொடச்சுட்டு நேரா அடிச்சுட்டேன். பக்கவாட்டு பலகை இன்னிக்கும் கல்லு மாதிரி இருக்கு, கதவுல கைப்பிடியை சுத்தி நகத்தால லேசா நெம்பினா வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு வருது, உள்ள பச்சை தெரியுது. பழைய பெயின்ட்டோட வழவழப்பை எடுக்கலைன்னா புதுசுக்கு பிடிமானம் கெடையாது, அவ்ளோ தான் விஷயம்.

இன்னொரு கூத்தும் நடந்துச்சு. மறுநாளே தொட்டா ஒட்டலைன்னு நாலாவது நாள் சாமான் எல்லாம் அடுக்கிட்டோம், ஒரு மாசம் கழிச்சு அம்மா பஞ்சாங்கத்தை எடுத்தா வரல, இழுத்ததும் அட்டை கிழிஞ்சு தட்டுலயே நின்னுடுச்சு, தண்ணி வச்சு தொடச்சும் எழுத்து திருப்பி அச்சடிச்ச மாதிரி இன்னும் அங்க இருக்கு. எனாமல் மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள இறுக வாரக்கணக்குல ஆகும், பாரம் வைக்க அவசரப்படாதீங்க.

இதுல நான் பண்ண பெரிய தப்பு வேற. அந்த பச்சை பெயின்ட்டை பால்கனில காய்ஞ்சபடியே தேய்ச்சேன், பக்கத்துல கொடில பாப்பா துணி. ஈயம் கொழந்தைங்களுக்கு விஷம், நம்ம ஊர்ல வீட்டு பெயின்ட்ல அது 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம் அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்ல தான், அதுக்கு முந்தின பெயின்ட்ல ஈயம் இருக்கலாம்னு தான் எடுத்துக்கணும். இதெல்லாம் அப்புறமா தான் தெரிஞ்சுகிட்டேன், வயித்தை கலக்கிடுச்சு. பழைய பெயின்ட்னா வாட்டர் பேப்பர் வாங்கி தண்ணி தொட்டு தேய்ங்க, நல்ல மாஸ்க் போடுங்க, கொழந்தைங்கள அந்த பக்கமே விடாதீங்க.

சாப்பாட்டு டேபிளுக்கு பியூ (பாலியூரித்தேன் பாலிஷ்) போட்டேன், இறுக வைக்கிற ஹார்டனரை கலந்து அடிக்கிறது. கலந்துட்டா சில மணி நேரத்துல முடிச்சாகணும், மிச்சம் வச்சது பிளாஸ்டிக் மக்குக்குள்ளயே கட்டியாகி மக்கோட குப்பைக்கு போச்சு. அக்டோபர் மழைல அடிச்சதால ஒரு மூலைல பொடிப்பொடி குமிழ் வேற, காத்துல ஈரம் இருந்தா பியூ அப்படித்தான் பண்ணும். மத்தபடி ரசம் கொட்டுனாலும் சூடு பட்டாலும் அசையல, புழக்கத்துக்கு இதுக்கு முழு மார்க். ஆனா பையன் காம்பஸால கோடு இழுத்துட்டான், அந்த எடத்தை மட்டும் சரி பண்ணா திட்டு தனியா தெரியுது, ஒழுங்கா வரணும்னா மேல்பலகை மொத்தமும் தேய்ச்சு திரும்ப அடிக்கணும். மேல பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மூடிட்டோம், இதுக்கு தான் அவ்ளோ கஷ்டப்பட்டேனான்னு இருக்கு.

எழுத்து மேஜை கதை தான் எனக்கு புடிச்சது. அடில ஒரு ஓரத்துல பஞ்சை ஸ்பிரிட்ல (பாலிஷ் கரைக்கிற ஆல்கஹால்) நனைச்சு தேய்ச்சா பழைய பாலிஷ் பிசுபிசுன்னு கரைஞ்சு பழுப்பா வந்துச்சு, அப்ப அது அரக்கு பாலிஷ், உரிக்கவே வேண்டாம், அதுக்கு மேலயே புது அரக்கு புடிச்சுக்கும். 100 கிராம் அரக்கு செதில் வாங்கி 400 மில்லி ஸ்பிரிட்ல ராத்திரி ஊறப்போட்டு வடிகட்டி, பழைய பனியன் துணில பஞ்சை வச்சு முடிச்சு கட்டி அதால தடவினேன். மொதல்ல கை நின்ன எடமெல்லாம் தடம் விழுந்துச்சு. எங்க தெரு பாலிஷ்காரர் ஒருத்தர் பாத்துட்டு, "தம்பி, தோசைக்கல்லுல எண்ணெய் தொட்டு இழுக்குற மாதிரி இழுத்துட்டே போங்க, நிக்காதீங்க, ஈரத்து மேல திரும்ப வராதீங்க"ன்னார். அதுக்கப்புறம் தான் கை வந்துச்சு.

எல்லாரும் அரக்கு தாங்காதுன்னாங்க, உண்மை தான், தாங்கல. கொரோனா நேரம் சானிடைசர் பாட்டில் மேஜை மேலயே இருக்கும், அதுல இருக்கிறதும் ஆல்கஹால் தானே, சொட்டின எடமெல்லாம் பாலிஷ் கரைஞ்சு வட்டம் வட்டமா கொழகொழன்னு ஆயிடுச்சு. சூடா காபி டபரா வச்சதுல வெள்ளை வளையம். ஆனா ரெண்டையும் அதே பனியன் முடிச்சை வச்சு பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டேன், ஒட்டு போட்டதே தெரியல. நாலு வருஷத்துல இப்படி ஏழெட்டு தடவை தொட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் முன்னாடிய விட நல்லா தான் ஆகுது. ஒரே ஒரு தடவை சொதப்பிச்சு, ஒரு வருஷம் முன்னாடி கலந்து வச்ச பாட்டிலை எடுத்து போட்டேன், மூணு நாளாகியும் காயல, பேப்பர் வச்சா ஒட்டுது. கரைச்சு வச்ச அரக்கு ஆறு மாசம் தாண்டினா அப்படித்தான், ஸ்பிரிட்டால தொடச்சு எடுத்துட்டு புதுசா கலந்தேன். செதிலா இருந்தா ரொம்ப நாள் கெடாது, அதனால இப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தான் கரைக்கிறேன்.

அலமாரி கதவை மட்டும் மழை முடிஞ்சு தை மாசம் கழட்டி மொத்தமா உரிக்கலாம்னு இருக்கேன். உள்தட்டுல இருக்க பஞ்சாங்க எழுத்தை மட்டும் தொடக்கூடாதுன்னு அம்மா இப்பவே சொல்லிட்டாங்க.