மான் கொம்புக்கு என்ன தாள்? ஆறு மாரிக்குப் பிறகு

தாளை மடித்து உருவம் செய்யும் ஓரிகாமிதான் என் பொழுதுபோக்கு. போன கிழமை மருமகள் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "மாமா, மான் மடிக்க ஏ4 தாள் போதாதோ?" அவள் கேட்ட நேரம், என் மேசையில் நின்ற மான் நாலு காலையும் பரப்பி வயிறு மேசையில் முட்டக் கிடந்தது. வெளியே மூன்று நாள் விடாத மழை. அந்த எரிச்சலோடு எழுதுகிறேன், கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போதாது பிள்ளை. கிளைக் கொம்புள்ள மானுக்குச் சதுரத்தை 32க்கு 32 கட்டங்களாக மடிக்கச் சொல்வார்கள். ஏ4ஐச் சதுரமாக வெட்டினால் 21 சென்ரிமீற்றர், ஒரு கட்டம் ஆறரை மில்லிமீற்றர். என்னுடைய விரலுக்கு அது சரிவராது. 48 சென்ரிமீற்றர் தாளென்றால் கட்டம் 15 மில்லிமீற்றர். அப்புறம் தடிப்பு. போட்டோக்கொப்பித் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர்தான், ஆனால் கொம்பு நுனியில் 16 படை சேர்ந்தால் ஒன்றரை மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். அதற்குப் பெயர் கொம்பில்லை, விறகு.

ஆகவே பெரியதாகவும் மெல்லியதாகவும் வேண்டும். சின்ன வயதில் கொக்குப் பட்டம் ஒட்டிய ரிசுப் பேப்பர்தான் எனக்குக் கைகொடுத்தது. மார்கழி பிறந்தால் பெட்டிக்கடை வரைக்கும் தொங்கும், பொங்கல் முடிந்தால் காணாமல் போய்விடும். அதனால் வருசத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கி வைப்பேன். தனித் தாள் மடிக்கும்போதே கிழியும். இரண்டை ஒட்டினால் தோல் மாதிரி ஆகிறது.

ஒட்டுவதற்கு முதலில் கோதுமை மாப் பசைதான் பாவித்தேன். இரண்டு மாதத்தில் இராமபாணப் பூச்சி வந்து நான் மடித்து வைத்த ஒரு கொக்கின் செட்டையைத் தின்று முடித்தது. பிறகு கொழும்பிலிருந்து மெதில் செல்லுலோஸ் மா எடுப்பித்தேன், நீரில் கரைத்தால் பசையாகும் மா அது. பழக்கதோசத்தில் கஞ்சி காய்ச்சுவது போலக் கொதிநீரில் கரைக்கப் போய், அது கலங்கலாகவே நின்றது. ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டு படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் கண்ணாடி மாதிரித் தெளிந்த கூழ்! கஞ்சிக்கு நேர் எதிர்க் குணம் அதற்கு. சூட்டில் கரையாது, ஆறினால் கரையும். கண்ணாடித் தட்டில் இரண்டு ரிசுவையும் வைத்து அந்தக் கூழைத் தூரிகையால் தடவிக் காயவிட்டு உரித்தால், தட்டினால் சடசடக்கும் ஒரு தாள் வரும். சோளகக் காற்றடிக்கும் ஆனி ஆடியில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும். சிவப்பும் பச்சையும் சாயம் விடும், அது மட்டும் கவனம். மண்ணிறமும் சாம்பலும் எனக்கு இதுவரை மோசம் செய்ததில்லை.

இந்தத் தாளில் மடிக்கும் சுகத்தைச் சொல்லி முடியாது. ஒரே கோட்டை முன்னும் பின்னும் பத்துத் தரம் திருப்பினாலும் தாங்கும். கடைசியில் விரலை நனைத்துக் காலுக்குத் தசை, கழுத்துக்கு வளைவு பிடித்து விட்டால், காய்ந்ததும் அப்படியே இறுகி நிற்கும். ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோசிசாவா (1911–2005) ஈரத்தில் மடித்துக் காட்டிய வித்தைக்கும் அடிப்படை இதுதான்: தாளில் ஏறிய பசை நனையும்போது இளகுகிறது, காயும்போது இறுகுகிறது.

வினையும் அங்கேதான். நீரில் இளகுகிற பசைக்கு வாடைக்காற்றும் நீர்தான். ஐப்பசி, கார்த்திகையில் யாழ்ப்பாணத்தில் அப்பளமே நமுத்துப்போகிறது, மான் எம்மட்டு? ஆறு வருசமாக ஒவ்வொரு மாரிக்கும் முதலில் பின்னங்கால் விரியும், பிறகு கொம்பு சரியும். அலுமாரிக்குள் வைத்துப் பார்த்தேன், அரிசிக்குள் புதைத்தும் பார்த்தேன். வருசத்தில் எட்டு மாதம் மான், நாலு மாதம் தவளை.

ஈயத்தாளை நடுவில் வைத்து இருபக்கமும் ரிசு ஒட்டினால் இந்தக் கரைச்சல் இல்லை. உலோகம் மழைக்கு அசையாது. ஆனால் சமையல் ஈயத்தாள் இங்கே 30 சென்ரிமீற்றர் அகலம்தான் எனக்குக் கிடைக்கிறது. 48க்கு ஒட்டுப்போட வேண்டும், அந்தப் பொருத்து எப்போதும் மானின் முகத்திலேயே வந்து விழும். ஒரு கோடு பிழைத்தால் தழும்பு போகாது. தொட்டால் மிட்டாய்க் கடதாசி போலக் கிறுகிறுக்கும். எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஜேர்மனியிலிருந்து வந்த மச்சான் ஒருமுறை எலிபன்ற் ஹைட் (யானைத்தோல்) என்ற தடித்த தாள் சுருட்டிக்கொண்டு வந்தார். சதுர மீற்றருக்கு 110 கிராம். யானை மடிக்க அருமை, மான் கொம்புக்கு ஆகாது. அதைச் செய்த சாண்டர்ஸ் ஆலையும் 2021இல் மூடியாயிற்று. மிச்சமிருக்கும் இரண்டு தாளைத் தொட மனமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு மருமகளுக்கு என்ன பதில் போட்டேன்? கொப்பிக்கு உறை போடும் பிறவுண் பேப்பர் வாங்கு, முதல் மூன்று மானும் பழுதாகத்தான் போகும், என்று. "அப்ப நாலாவதுக்கு?" என்று கேட்டாள். ரிசு இரட்டைத் தாள், வேறு யோசனை வேண்டாம் என்றேன். நான் நேற்றிரவு வெட்டி வைத்தது ஈயத்தாள். மழை விட்டால் மனம் மாறலாம். பழைய மானின் கால்களைச் சேர்த்து உடுப்புக் கிளிப் போட்டு, பிரிட்ஜுக்கு மேலே சூட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன்.