செகண்ட் ஹேண்ட் ஹிமாலயனா, எக்ஸ்பல்ஸா? இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு

பொள்ளாச்சிக்காரனுக்கு எல்லா வகைச் சாலையும் பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கே கோவைக்குப் போகும் நால்வழிச் சாலை. இந்தப் பக்கம் ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள். இடையில் தென்னந்தோப்புக்குள் நுழையும் மண் தடங்களும் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால் மேடும். எல்லாவற்றிலும் ஓடுகிற வண்டி வேண்டும், புதுசு வாங்கப் பணம் இல்லை என்றால், தேடல் கடைசியில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 என்ற இரண்டு பைக்குகளில் வந்து நிற்கும்.

ஒரே வாரத்தில் இரண்டையும் போய்ப் பார்த்தேன். ஹிமாலயன் 2019 மாடல், 38,000 கிலோமீட்டர் ஓடியது. எக்ஸ்பல்ஸ் 2021, பழைய இரண்டு வால்வு இன்ஜின், 17,000 கிலோமீட்டர். மீட்டரை நம்பினால் எக்ஸ்பல்ஸ்தான் இளசு. ஆனால் தார் ரோட்டில் ஓடிய 38,000-ஐவிட பாறையில் ஓடிய 17,000 வண்டியை அதிகம் தேய்த்திருக்கலாம். இந்த ரக வண்டியில் மீட்டரைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

காகிதத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான். முன்னால் 21 இஞ்ச் சக்கரம், தரையிலிருந்து 220 மி.மீ. உயரம், ஐந்து கியர், ஸ்போக்ஸ் சக்கரம், டியூப் டயர். வித்தியாசம் எடையில் இருக்கிறது. பிஎஸ்4 (பழைய புகை விதி) ஹிமாலயன் 191 கிலோ, அடுத்த விதியான பிஎஸ்6 வந்ததும் 199 ஆகிவிட்டது. எக்ஸ்பல்ஸ் 157. இந்த முப்பத்துச் சொச்சம் கிலோதான் ஓட்டும்போதும், விழும்போதும், விழுந்த வண்டியைத் தூக்கும்போதும் பேசும். ஹிமாலயன் நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தாலே ஹேண்டில் பார், லீவர், லெக் கார்டு என்று ஏதாவது வளையும். எக்ஸ்பல்ஸ் பத்துத் தடவை விழுந்தும் சிரித்துக்கொண்டு எழுந்திருக்கும், அதனாலேயே அதைப் பத்துத் தடவை விழவிட்டிருப்பார்கள்.

“நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று இருவரிடமும் போனிலேயே சொல்லியிருந்தேன். ஹிமாலயன்காரர் கேட்டை திறந்ததும் நான் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. “கழுவிட்டு வந்தேனுங்க, அதான்” என்றார். சரி, போகட்டும் என்று விட்டது என் தவறு. குளிர்ந்த இன்ஜினில்தான் ஸ்டார்ட்டாக அடம்பிடிப்பதும், முதல் நிமிடப் புகையும், டைமிங் செயின் கரகரப்பும் தெரியும். எக்ஸ்பல்ஸ் ஜில்லென்று இருந்தது. பட்டனைத் தொட்டதும் ஸ்டார்ட்டாகி, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே அணையாமல் ஓடியது.

அடுத்தது ஸ்டாண்டு. இதில் ஹிமாலயனுக்கு ஒரு வசதி, சென்டர் ஸ்டாண்டு உண்டு. அதில் ஏற்றி, பின்பக்கத்தை ஒருவர் அமுக்கினால் முன் சக்கரம் எழும். ஹேண்டிலை இப்படியும் அப்படியுமாக மெதுவாகத் திருப்ப வேண்டும். நேராக வரும் இடத்தில் ‘டக்’கென்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. சக்கரத்தைச் சுழற்றி, ரிம் அருகே ஒரு குச்சியை வைத்தால் பெண்டு இருப்பது தெரியும். பின் சக்கரத்தை மேலும் கீழும் தூக்கி ஆட்டினால் பின் சஸ்பென்ஷனின் லிங்கேஜ் புஷ் தேய்ந்திருப்பதும் கையில் படும். எக்ஸ்பல்ஸில் சைடு ஸ்டாண்டுதான். கூட வந்த மச்சான் வண்டியைச் சாய்த்துப் பிடிக்க, நான் தரையில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தேன். தனியாகப் போயிருந்தால் பாதியை விட்டிருப்பேன்.

எக்ஸ்பல்ஸின் குறைகள் அங்கேயே வெளிவந்தன. வலது ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்) எண்ணெய் கசிவு. பின் ரிம்மில் ஒரு நசுங்கல். ஸ்க்ரூ டிரைவரால் ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினேன், இரண்டு மட்டும் மணிச்சத்தம் தராமல் ‘தொக்’கென்றன. இன்ஜினுக்குக் கீழே காக்கும் தகடான சம்ப் கார்டின் அடியில் பாறை கீறிய தழும்புகள். ஆனால் “ஆனமலைப் பக்கம் நல்லாப் போட்டு அடிச்சிருக்கேனுங்க” என்று அவரே சொல்லிவிட்டார். ஹிமாலயன் பளபளவென்று இருந்தது. “ஒரே ஓனருங்க, ஒரு தடவைகூட விழுந்ததில்லைங்க.” லெக் கார்டு மட்டும் புத்தம் புதுசு. ஏன் என்று கேட்டேன். “சும்மா மாத்தினேனுங்க.”

ஓட்டும்போது இரண்டுக்கும் ஒரே சோதனை பொருந்தாது. ஹிமாலயனின் பலம் கீழ் வேகத்தில் கிடைக்கும் இழுவை, 32 நியூட்டன் மீட்டர். ஐந்தாவது கியரில் 50-ல் வைத்து ஆக்சிலரேட்டரைத் திருகினால் முனகாமல் எழ வேண்டும், எழுந்தது. 90-ல் கோவை ரோட்டில் சோபா மாதிரி போனது. எக்ஸ்பல்ஸ் 18 குதிரைத்திறன் வண்டி, அதை முறுக்கி ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அதனால் கிளட்ச் மீதே என் சந்தேகம். நான்காவது கியரில் 40-லிருந்து முழுதாக முறுக்கினேன். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்தே ஏறின. 80-க்கு மேல் கையிலும் காலிலும் அதிர்வு வருவது அந்த வண்டியின் சுபாவம், பழுது இல்லை. தினமும் கோவைக்குப் போய் வருபவர் இதற்காகவே ஹிமாலயனை எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

வாய்க்கால் மேட்டில் கதை மாறியது. நின்றுகொண்டு ஓட்டினால் எக்ஸ்பல்ஸ் சைக்கிள் மாதிரி திரும்புகிறது. ஹிமாலயன் குழிகளை விழுங்கிக்கொண்டு நேராகப் போவதில் கெட்டி, ஆனால் மணலில் திருப்பும்போது 191 கிலோவும் ஞாபகம் வருகிறது.

முடிவு செய்தது ஆளில்லாத தார் ரோட்டில் ஒரு நிமிடம். 50-ல் ஹேண்டிலில் பிடியைத் தளர்த்தினேன் (முழுதாக விடாதீர்கள்). எக்ஸ்பல்ஸின் ஹேண்டில் கொஞ்சம் கோணல், ஆனால் வண்டி நேராகப் போனது. விழுந்ததில் ஃபோர்க் கிளாம்புக்குள் முறுக்கிக்கொண்டதாகத்தான் இருக்கும், போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி இறுக்கினால் சரியாகிவிடும். ஹிமாலயனில் ஹேண்டில் நேர், வண்டி இடது பக்கம் இழுத்தது. செயின் அட்ஜஸ்டர் கோடுகளைப் பார்த்தோம், இரு பக்கமும் சமம். டயர் காற்றும் சரி. மிச்சமிருப்பது ஃபோர்க் வளைவு அல்லது சேஸி (வண்டியின் அடிப்படைச் சட்டம்) வளைவு. ஃபோர்க் என்றால் பணம் செலவழித்து மாற்றிவிடலாம். சேஸி என்றால் எத்தனை தட்டித் திருத்தினாலும் 40 வளைவு இறங்கும்போது மனதில் ஒரு உறுத்தல் இருக்கும். விழவே இல்லை என்று சொன்னவரிடம் எது வளைந்தது என்று எப்படிக் கேட்பது?

ஆவண வேலை சுருக்கம்தான். ஆர்சியில் உள்ள சேஸி எண்ணை வண்டியில் அடித்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். கடன் இருந்தால் ஃபைனான்ஸின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம், பெயர் மாற்றப் படிவம் 29, 30. பெங்களூரு வண்டி மலிவு என்று கேஏ (கர்நாடக) பதிவு எண்ணுக்குப் போகிறவர்கள் அங்கத்திய ஆர்டிஓ என்ஓசியையும், இங்கே மறுபடி கட்டும் வரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்கும் முன் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எக்ஸ்பல்ஸை எடுத்தேன். ஃபோர்க் சீல், ரிம், ஸ்போக்ஸ் என்று கணக்குச் சொல்லி 6,000 ரூபாய் குறைத்தேன். ஹேண்டில் கோணலை மெக்கானிக் அண்ணன் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நேராக்கிவிட்டார், அதற்குக் காசு வாங்கவில்லை.