மோதிரமும் கமுகம்பாளையும்

குலசேகரம் வந்த நான்காம் நாள் கிணற்றடிப் பாசியில் வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். ஜூலை மழையில் அந்தப் பக்கம் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்பது சின்ன வயதில் தெரியும். டொராண்டோவில் 16 வருடம் இருந்ததில் கால் அதை மறந்துவிட்டது.

சித்தி எண்ணெய்க் குப்பியோடு ஓடி வந்தார். பக்கத்து வீட்டு ஆசான், நாட்டு வைத்தியர், தடுத்துவிட்டார். பெருவிரலை விரித்தால் அடியில் ஒரு குழி விழுமே, அங்கே அழுத்தினார். கத்திவிட்டேன். “மக்களே, இது சின்ன எலும்பு. போய்ப் படம் எடு. வீங்கி நிக்கியப்போ எண்ணெய் தொடப்பிடாது” என்றவர், பாக்குமரத்தின் கமுகம்பாளையை நறுக்கி முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை வைத்துத் துவர்த்தால், அதாவது துண்டால், கட்டினார். அழுத்திக் கட்டவில்லை, விரல் நகத்தை அமுக்கி, மறுபடி சிவக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கேதான் மோதிரப் பிரச்சினை. விரல் வீங்கிக்கொண்டே வந்தது. கழற்றாவிட்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். கவுண்டரில் இருந்தவரோ, நகைக்குப் பொறுப்பேற்க மாட்டோம், முதலில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். எந்தக் கையால்? ஒருவர் எதிர்ப்பக்க ஒர்க்‌ஷாப்பில் கட்டர் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். முக்கால் மணி நேரம் இதே பேச்சு. டொராண்டோவில் என்றால் ஒரு வார்த்தை பேசாமல் வெட்டியிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கே ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசியில் வயதான சிஸ்டர் ஒருவர் வந்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்குள் விட்டு, மீதியை விரல் மூட்டு தாண்டும்வரை நெருக்கிச் சுற்றினார். சோப்பைத் தடவி, உள்ளே விட்ட முனையைப் பிடித்துச் சுற்றைப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் நகர்ந்து வந்து மடியில் விழுந்தது. இரண்டு நிமிடம்! இவரை முதலிலேயே கூப்பிட என்ன கேடு?

எக்ஸ்ரே 20 நிமிடத்தில் கிடைத்தது. டொராண்டோவில் மகனுக்குக் கணுக்கால் பிசகியபோது எலும்பின் பின்விளிம்பை அழுத்திப் பார்த்து, நாலு எட்டு நடக்கச் சொல்லி, படமே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே படத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் டாக்டர் மாவுக்கட்டு போட்டார். பெருவிரலுக்கு அடியில் உள்ள இந்தச் சின்ன எலும்பின் விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போகலாம். ரத்தம் விரல் பக்கத்திலிருந்து திரும்பி வருவதால், கவனிக்காமல் விட்டால் மணிக்கட்டுப் பக்கத் துண்டு செத்துப்போகும் என்றார். “பாளை யாரு கெட்டினது? நல்லா இருக்கு” என்றும் கேட்டார். ஒடியாத கைக்கு எதுக்குக் கட்டு என்று சித்தி வீடு வரும்வரை புலம்பினார்.

12-ஆம் நாள் இரண்டாவது படத்தில் மெல்லிய கோடு தெரிந்தது.

டொராண்டோ திரும்பியதும் எலும்பு டாக்டரிடம் அந்தப் பெரிய கறுப்புப் படத்தை நீட்டினேன். வைத்துப் பார்க்க விளக்குப் பெட்டி இல்லை, எப்போதோ எடுத்துவிட்டார்களாம். ஜன்னலோரம் போய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.