மேரியா, மரியாளா, மரியாவா, மர்யமா?

நாலும் எபிரேய மிரியாமிலிருந்து வந்த ஒரே பெயர்தான். மோசேயின் அக்கா பெயர் அது. பொருள் 'கசப்பு' என்பார் சிலர். 'அன்புக்குரியவள்' என்ற எகிப்தியச் சொல் என்பார் வேறு சிலர். ஆகவே பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது பொருளை வைத்துத் தெரிவுசெய்வதில் பயனில்லை, எழுத்தைப் பாருங்கள்.

கொழும்புக் கத்தோலிக்க வீடுகளில் மேரி பெரும்பாலும் கூப்பிடும் பெயரல்ல, முன்னொட்டு. மேரி ஸ்டெல்லா வீட்டில் ஸ்டெல்லாதான். வங்கிப் படிவத்தில் 'முதலெழுத்துகளுடன் பெயர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் மேரி வெறும் 'எம்.' ஆகிவிடும், பார்ப்பவர் அதைத் தகப்பன் பெயரின் எழுத்து என்று எடுத்துக்கொள்வார். இத்தனைக்கும் ஸ்டெல்லாவும் மாதா பெயர்தான்: வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் மரியாளின் பெயருக்குப் பொருளாக 'ஸ்டில்லா மாரிஸ்', அதாவது கடல் துளி, என்று எழுதியதுதான் படியெடுத்தவர்கள் கையில் 'ஸ்டெல்லா', நட்சத்திரம், ஆனது என்பார்கள். டொலோரஸ் என்றால் வியாகுல மாதா. ஒரே ஆளின் பெயரை இரண்டு தரம் வைக்கிறோம்.

மரியாள் பழைய வேதாகமத் தமிழ். சாராள், ரெபெக்காள் வரிசை. காதுக்கு நான்கிலும் இதுதான் அழகு. ஆனால் கடவுச்சீட்டில் கடைசி 'ள்' ஆங்கில 'எல்' ஆனதும், வெளிநாட்டில் யாருக்கும் இது மேரி என்று பிடிபடாது. ஞானஸ்நானச் சான்றிதழில் மேரி, பிறப்புச் சான்றிதழில் மரியாள் என்று கிடந்தால், பிறகு சத்தியக் கடதாசியோடு அலையவேண்டும்.

மர்யம், குர்ஆனில் பெயர் சொல்லப்படும் ஒரே பெண். 19ஆம் அத்தியாயமே அவர் பெயரில். அரபியில் 'ர'வுக்கு உயிர்க்குறி இல்லாததால் மர்யம் என்பதே சரி. மரியம் நம் நாக்குக்கு வசதி. சிக்கல் ஆங்கிலத்தில்: 'ஆர்' எழுத்துக்குப் பிறகு 'ஐ'யா, 'வை'யா, இரண்டுமா? பாடசாலையில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்று விட்டுவிடாதீர்கள்.

மதத் தயக்கம் இல்லாதவர்களுக்கு மரியாவே நல்லது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் குலையாது. வகுப்பில் 'மாரி பிஸ்கட்' என்று கேலி செய்வார்கள்தான். அந்த பிஸ்கட்டும் 1874இல் லண்டனில் ரஷ்ய இளவரசி மரியாவின் கல்யாணத்துக்காகச் செய்தது. மாரியம்மனின் மாரி வேறு, அது மழை.

இலங்கையில் பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது. பதிவாளரிடம் போகுமுன் மூன்று மொழியிலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் அவர் காதில் விழுந்ததுதான் பெயர்.