மார்த்தாண்டத்துல ஒரு டெய்லரக்கா, ஒரு ஜப்பான் ஃபிராக்கு, ஒரு டபுள் முண்டு

டெய்லரக்கா தைச்ச பாவாடை ரிவ்யூவுக்கு முன்ன கொஞ்சம் கதை சொல்லணும், இல்லன்னா எதுக்கு ஒரு பாவாடைக்கு இவ்வளவு எழுதுறான்னு தோணும். நான் ஒம்பது வருசமா லோலிட்டா ஃபேஷன் போடுறவ. பேரக் கேட்டு முகஞ்சுளிக்காதீங்க, கழுத்து வரைக்கும் காலர், முட்டி மறைக்கிற பாவாடை, உள்ள குடை மாதிரி விரிஞ்சு நிக்கிற பெட்டிகோட், எங்க பாத்தாலும் லேஸ், தலையில பெரிய ரிப்பன் போ (bow), அவ்வளவுதான் அது. ஜப்பான்ல ஹராஜுகு பக்கம் வளந்த ஸ்டைல். பேபி தி ஸ்டார்ஸ் ஷைன் ப்ரைட்னு ஒரு பிராண்ட், 1988ல ஆரம்பிச்சது, அவங்க பழைய ஃபிராக் ஒண்ண செகண்ட்ஹேண்ட்ல வாங்கி, கஸ்டம்ஸும் கட்டி, பார்சலப் பிரிச்ச அன்னைக்கு நான் அழுதே போட்டேன்.

அதப் போட்டுகிட்டு வெட்டுவெந்நியில பஸ்சுக்கு நின்னப்ப ஒரு பாட்டி என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஏன் மக்ளே, இந்த வயசுலயா புதுநன்மை?"ன்னு கேட்டாங்க. நம்ம ஊர்ல வெள்ள ஃபிராக்கும் தலையில பூவும்னா அது சர்ச்சுல சின்னப் பிள்ளைங்க முதல் நன்மை வாங்குற அன்னைக்குதானே, அவங்களச் சொல்லி என்ன செய்யதுக்கு.

ஆனா ரெண்டு வருசமா எல்லாம் பீரோவுல நாப்தலின் உருண்டையோட கிடக்கு. பாலியஸ்டர் லைனிங், நைலான் பெட்டிகோட், நம்ம ஊர் புழுக்கம், மூணும் சேந்தா முதுகுல ஆறு ஓடும். குழந்த பிறந்தபொறவு இடுப்பு ஜிப்பு ஏறல. இன்னொண்ணு, இந்தக் கூட்டத்துல விதி ஒருபாடு உண்டு, சாக்ஸ் சேரல, ஷூ சேரல, பாவாடை போதுமான அளவு உப்பலன்னு, முதல்ல அந்த விதியே எனக்கு புடிச்சுது, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சேன், பொறவு அதே சலிச்சுப் போச்சு. சரின்னு குர்த்தி லெக்கிங்ஸுக்கு மாறுனா கண்ணாடில யாரோ நாத்தனார் நிக்கிற மாதிரி இருக்கு.

அப்பதான் எங்க பாட்டியோட பெட்டிய ஒதுக்கும்போது ஒரு காலர் கிடச்சுது, கையால பின்னுன ரேந்தை, அதான் லேஸ். பாட்டி சின்னதுல முளகுமூடு கான்வென்ட்ல ரேந்தை பின்னுனவ. 1897ல பெல்ஜியத்துல இருந்து வந்த சிஸ்டர் அங்க தொடங்குன மடம், லேஸ் வேலையும் தையலும் சொல்லிக் கொடுத்த இடம். நாகர்கோவில்ல அதுக்கும் முன்னயே, லண்டன் மிஷன் மார்த்தா மால்ட் அம்மா பிள்ளைங்களுக்கு இத சொல்லிக் கொடுத்திருக்காங்க. நான் என்னடான்னா ஜப்பான்காரன் மிஷின் லேஸுக்கு டூட்டி கட்டிட்டு இருந்திருக்கேன். தலையில அடிச்சுக்கிட்டேன்.

இப்பம் டெய்லரக்கா. போர்டு கெடையாது, மார்க்கெட்டுக்குப் பின்னால சந்துல வீட்டுத் திண்ணையில ரெண்டு மிஷின், ஒரு கட்டிங் மேசை, அவ்வளவுதான் கடை. ஃபிராக்கையும் காலரையும் கொண்டு போய் வச்சேன். அக்கா ஃபிராக்க மேல பாக்கவே இல்ல, நேரா உள்பக்கம் திருப்பிட்டாங்க, முதுகுல இருந்த எலாஸ்டிக் சுருக்க விரலால இழுத்துப் பாத்தாங்க, பெட்டிகோட்ட தூக்கி வெளிச்சத்துல புடிச்சு ஒவ்வொரு அடுக்கா எண்ணுனாங்க. "மக்ளே, இதுல உனக்கு எதுளா வேணும், துணியா, விரிவா?"ன்னு கேட்டாங்க. ஒம்பது வருசத்துல யாரும் என்கிட்ட கேக்காத கேள்வி. கொஞ்ச நேரம் முழிச்சுட்டு, விரிவுதான் வேணும்க்கா, காலரும் வேணும்னேன்.

"அப்பம் பாலராமபுரம் போய் டபுள் முண்டு ஒண்ணு எடுத்துட்டு வா."

டபுள் முண்டுன்னா ரெண்டா மடிச்சுக் கட்டுற நீள வேட்டி, பாலராமபுரம் கேரளாவுல இருக்கு. களியக்காவிளை வழியா பஸ் புடிச்சு, நெய்யாற்றின்கரை தாண்டிப் போனேன். அங்க குழித்தறியில கைநாடா எறிஞ்சு நெய்யுற துணி, பாவு நூல தெருவுல நீட்டிக் கட்டி கஞ்சி போட்டுத் தேய்ப்பாங்க, எது உள்பக்கம் எது வெளிப்பக்கம்னே தெரியாது. திருவிதாங்கூர் ராஜா பலராம வர்மா காலத்துல நம்ம பக்கத்துல இருந்து கூட்டிட்டுப் போன சாலியர்ங்கிற நெசவுக்காரங்க தொடங்குன நெசவு, அதனால அக்கரைத் துணின்னும் முழுசா சொல்ல முடியாது. 2,400 ரூபா ஆச்சு, சன்னக் கசவு, அதான் ஜரிகைக் கரை.

இனி அக்கா செஞ்ச வேலயக் கேளுங்க. முண்டுக்கு ரெண்டு ஓரத்துலயும் கரை இருக்கில்லியா, அகலம் அம்பது இஞ்ச் கிட்ட. அத நீளவாக்குல நடுவுல சரியா ரெண்டா வெட்டிட்டாங்க. நான் நெஞ்சுல கை வச்சுட்டேன். பாத்தா ஆளுக்கு இருபத்தஞ்சு இஞ்ச்ல ரெண்டு நீளத் துண்டு, ரெண்டுலயும் கீழ கசவு ஓடுது, அடி மடிக்கவே வேண்டாம். ஒண்ணு மேல்பாவாடை. இன்னொண்ணு ஒரு இஞ்ச் குட்டையா உள்பாவாடை, அதுக்கு மட்டும் நல்ல கெட்டியா சோத்துக் கஞ்சி போட்டு நிழல்ல காயவச்சு தேச்சா அதுதான் பெட்டிகோட். நைலான் வேண்டாம், குத்தாது, வேர்வைய இழுத்துக்கும். நடந்தா உள்ள இருந்து பேப்பர் கசங்குற மாதிரி லேசா ஒரு சத்தம் வருது பாருங்க, எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் புடிச்சிருக்கு.

பாட்டி காலர மிஷின்ல கொடுக்கல. ப்ளவுஸ் கழுத்துல கைத்தையல்ல தூரத் தூரமா புடிச்சு வச்சிருக்காங்க, துவைக்கும்போது பிரிச்சு எடுத்துக்கலாம்னு.

குறை இல்லியான்னா, இருக்கு. பத்து நாள்ல தாறேன்னு சொன்னது முப்பத்திரண்டு நாள் ஆச்சு, கல்யாண சீசன்னு ஒரே பதில், ஃபோன் எடுக்கவே மாட்டாங்க, நேர்ல போய் திண்ணையில உக்காந்தாதான் வேலை நடக்கும். நான் பட்டன் கேட்டேன், அவங்க கொக்கி வச்சுட்டாங்க, திருப்பிக் கொடுத்து மாத்துனேன். துணிய முன்னாலயே நனைக்கச் சொல்லல, முதல் தடவ துவைச்சதுல முக்கா இஞ்ச் ஏறிப்போச்சு, நீங்க போனா நனைச்சு காயவச்சுட்டு கொண்டு போங்க. பாவாடைக்கு 600, ப்ளவுஸுக்கு 450 வாங்குனாங்க, இந்த வேலைக்கு குறைவுதான்.

கஞ்சிக்கு மழை ஆகாது, அது அக்கா தப்பில்ல. நமக்கு தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு மழையும் உண்டே. களியக்காவிளை ஸ்டாண்டுல நனைஞ்ச அன்னைக்கு அஞ்சு நிமிசத்துல எல்லா விரிவும் போயி கால்ல ஒட்டிகிட்டு, கோயிலுக்குப் போற முண்டு மாதிரியே ஆயிட்டேன். பக்கத்துல நின்ன பிள்ள, "அக்கா பாவாடை எங்க எடுத்தீங்க?"ன்னு கேட்டா. அந்த நிலமையிலயும்!

இதப் போட்டா லோலிட்டான்னு ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க, போ இல்ல, பிரிண்ட் இல்ல, காலுக்கு பாட்டா செருப்பு. நானும் கேக்கப் போறதில்ல.

வாங்கப் போன அன்னைக்கு அக்கா அந்த ஜப்பான் ஃபிராக்க மடிச்சுக் கொடுத்துகிட்டே, "இத இனி போடமாட்டல்லா, லேஸ மட்டும் உரிச்சு வேற எதுலயாவது வச்சுத் தரட்டா?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்க்கான்னு கையில இருந்து வாங்கிட்டேன். பீரோவுல மேல்தட்டுல இருக்கு, உருண்டை புதுசா போட்டிருக்கேன்.