சரளைத் தரை என்று பணம் வாங்கிக்கொண்டு சேற்றில் நிறுத்தினார்கள்: டிரக் கேம்பர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஒன்டாரியோவில் பிக்கப் மேல் கேம்பர் (தூக்கி வைத்து இறக்கக்கூடிய தங்கும் அறை) வைத்து ஓட்டுகிறவர்கள், குறிப்பாகப் பனி உருகும் சமயத்தில் அதை எங்காவது இறக்கி வைக்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மார்ச் கடைசி வாரம். பிக்கப்பின் பின்பக்க ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருந்தது, அதற்குக் கேம்பரை இறக்கியாக வேண்டும். வீட்டில் இடம் இல்லை என்று ஊருக்கு வெளியே ஒரு ஸ்டோரேஜ் யார்டுக்குப் போன் செய்தேன். சரளை கொட்டி இறுக்கிய தரை, கேம்பரெல்லாம் அங்கேதான் நிற்கும் என்றார்கள். மூன்று வாரத்துக்கு 240 டாலர், முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

போய்ப் பார்த்தால் சரளை வரிசை முழுக்கப் பெரிய டிரெய்லர்கள். எங்களைப் பின்பக்கம் வேலியோரம் புல் முளைத்த இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்த ஆள், கேம்பரைத் தாங்கும் மூலைக் கால்களான நான்கு ஜாக்குக்கும் அடியில் கையகலக் கட்டைத் துண்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேம்பரை இறக்கிவிட்டார். “என்னங்க, இது புல்தரைதானே, சரளைன்னு சொன்னாங்களே?” என்று மனைவி கேட்டாள். நானும் அந்த ஆளிடம் கேட்டேன். மூன்று வாரம்தானே, ஒன்றும் ஆகாது என்றார். மெக்கானிக்கிடம் நேரம் வாங்கியிருந்த அவசரத்தில் கிளம்பிவிட்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த மாதத்தில் அந்த மண் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. மேல்மண் உருகி இளகியிருக்கும், அடியில் இன்னும் உறைந்தே கிடக்கும், தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலே சேறாகவே நிற்கும். தென் ஒன்டாரியோவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கிராமத்துச் சாலைகளில் லாரிகளுக்கு அச்சுக்கு 5 டன் என்று அரை லோடு கட்டுப்பாடு வைப்பதே இதனால்தான். அந்த யார்டுக்குத் திரும்பும் முனையிலேயே அந்தப் பலகை நிற்கிறது.

ஒன்பதாவது நாள், இரண்டு நாள் மழைக்கு அப்புறம், கேம்பர் சாய்ந்திருக்கிறது வந்து பாருங்கள் என்று போன் வந்தது. இடது முன் ஜாக் ஒரு சாண் ஆழம் இறங்கியிருந்தது. அடியில் போட்ட கட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்றது. ஒரு மூலை இறங்கினால் அதற்கு நேர் எதிர் மூலையும் இலேசாகிவிடும், மொத்தப் பாரமும் மிச்ச இரண்டு ஜாக் மேல் ஏறும். அப்படித்தான் வலது முன் ஜாக் வளைந்து, அதன் பிராக்கெட்டை மூலையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. விரல் நுழைகிற அளவு இடைவெளி. உள்ளே கை வைத்துப் பார்த்தேன், பிளைவுட் ஊறிப்போய் அப்பளம் மாதிரி இதழ் இதழாக உரிந்து வந்தது.

இதற்கு மேல், தூக்கி நிறுத்தியதற்கு என்று 450 டாலருக்கு ஒரு பில்! சரளை என்று சொன்னீர்களே என்றால், இன்வாய்ஸில் ‘வெளிப்புற இடம்’ என்றுதான் இருக்கிறது, மண் இளகினால் நாங்கள் பொறுப்பில்லை என்று பின்பக்கம் அச்சடித்திருக்கிறது பாருங்கள் என்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். சாமான்களோடு என் கேம்பர் சுமார் 1,300 கிலோ. சமமாகப் பிரிந்தால்கூட ஒரு ஜாக்குக்கு 325 கிலோ, அதைத் தாங்குவது 15 சென்டிமீட்டர் சதுரப் பாதம். அதற்கடியில் 60 சென்டிமீட்டர் சதுரப் பலகை போட்டால் மண்மேல் விழும் அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஒற்றை பிளைவுட் நடுவில் வளையும், அதனால் கனமான பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு வையுங்கள். ஹாலோ பிளாக் மட்டும் வேண்டாம், அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள், 100 லிட்டர் என்றால் 100 கிலோ. கேம்பரை முடிந்தவரை தாழ இறக்கி, தரைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கட்டை அடுக்கி முட்டுக் கொடுங்கள், பாரம் முழுக்க ஜாக்கிலேயே நிற்கக் கூடாது. அப்புறம் ரசமட்டம் வைத்து ஒரு போட்டோ, நான்கு பாதத்துக்கும் ஒவ்வொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். யார்டில் டென்ட் ஆணி ஒன்றைக் கையால் அழுத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். ‘சரளைத் தரை’ என்ற வார்த்தை இன்வாய்ஸில் வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

நல்லவேளை, இறக்கிய அன்றைக்கு மனைவி எடுத்த படத்தில் புல்லும் கட்டைத் துண்டும் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய் சொல்லி ஒப்பந்தம் வாங்கினால் ஒரு வருடத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம். படங்களோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், 450 டாலரை இன்னும் கட்டவில்லை. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.